பழைய கார் வாங்கப் போறீங்களா? மிதியடியைத் தூக்கிப் பாருங்க!



முன்பெல்லாம் குழுவில் கடன் கேட்டால் கறவை மாடு, தையல் மிஷின், பெட்டிக்கடை என்றுதான் காரணம் எழுதுவோம். இப்போது தீர்மான நோட்டில் "வாகனம் வாங்க" என்றும் எழுத ஆரம்பித்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு ஓட்ட ஒரு கார், சந்தைக்குச் சாமான் ஏற்ற ஒரு குட்டி யானை என்று பல குடும்பங்களில் பேச்சு நடக்கிறது. புது வண்டி விலை நமக்கு எட்டாது. அதனால் பழைய வண்டி. தப்பில்லை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், மடியைத் தடவிப் பார்க்கிறோம், இரண்டு வேளை கறந்து பார்த்துத்தான் பணத்தை அவிழ்க்கிறோம். காரை மட்டும் பளபளப்பைப் பார்த்தே வாங்கிவிடுகிறோம்! "அதெல்லாம் ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க" என்று ஒதுங்கியும் நிற்கிறோம். தவணை கட்டும்போது ஒதுங்க முடிகிறதா?

காரைப் பார்க்க மெக்கானிக் படிப்பு வேண்டாம். வீடு கூட்டி, பாத்திரம் துலக்கி, துணி துவைத்த கையும் கண்ணும் மூக்கும் போதும். பாதி விஷயத்தை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

உள்ளேதான் உண்மை இருக்கு

வெளியே பெயிண்ட் அடித்தால் எந்த வண்டியும் புதுசு மாதிரி ஆகிவிடும். உள்ளே மறைப்பதுதான் கஷ்டம். அதிலும் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, அந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கியதா என்பதை.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2018-இல் கேரளா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி. ஒவ்வொரு தடவையும் ஏராளமான கார்கள் தண்ணீருக்குள் நின்றன. ரிப்பேர் செலவு வண்டி விலையையே தொட்டுவிடும் என்றால், இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று பணம் கொடுத்துவிட்டு வண்டியை உடைசல் விலைக்குத் தள்ளிவிடும். அதைச் சிலர் எடுத்து, கழுவி, காயவைத்து, சென்ட் அடித்து, வெள்ளம் வராத ஊரில் கொண்டுபோய் விற்கிறார்கள். வாங்கும்போது நன்றாகத்தான் ஓடும். ஆறு மாதம் கழித்து வயர் ஜாயின்ட் எல்லாம் பச்சை பிடித்து, ஒரு நாள் லைட் எரியாது, ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாது. இந்தக் கால வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டி உண்டு. அதில் தண்ணீர் ஏறினால் செலவு ஆயிரக்கணக்கில்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ரப்பர் மிதியடியைத் தூக்குங்கள். அதன் கீழே ஒட்டியிருக்கும் கார்ப்பெட்டின் ஓரத்தையும் தூக்கிக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரமா? நசநசப்பா? காய்ந்த வண்டல் மண் விரலில் ஒட்டுகிறதா? சீட்டு நகரும் தண்டவாளத்தையும் அதன் போல்ட்டுகளையும் பாருங்கள். செம்மண் நிறத்தில் துரு ஏறியிருந்தால் சந்தேகப்படணும். சீட் பெல்ட்டை முழுசா, கடைசி வரைக்கும் இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டு நிற்கும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் விடாதீர்கள். பத்து வருஷப் பழைய வண்டியில் கார்ப்பெட் மட்டும் புத்தம் புதுசாக இருந்தால், "ஏன் மாத்தினீங்க?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மூக்கையும் நம்புங்கள். மழைக்காலத்தில் காயாத பாய் வாடை நமக்குத் தெரியாதா? கண்ணாடியை ஏற்றி, கதவைச் சாத்தி, ஐந்து நிமிஷம் உள்ளே உட்காருங்கள். காருக்குள் வாசனை ஸ்பிரே மூக்கைத் துளைத்தால் அதுவே ஒரு தகவல்தான்.

அடுத்தது, ஓடிய கிலோமீட்டர். மீட்டரைத் திருப்பி வைப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் கிளட்ச், பிரேக் மிதிக்கும் ரப்பரும், ஸ்டியரிங் பிடிக்கும் இடமும், டிரைவர் சீட்டின் ஓரமும் பொய் சொல்லாது. மீட்டரில் 30,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் கிளட்ச் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது என்றால் கணக்கு இடிக்கிறது, இல்லையா? சர்வீஸ் பில் கேளுங்கள். ஒவ்வொரு பில்லிலும் கிலோமீட்டர் எழுதியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் வயசான டயர் வெடிக்கும்.

இன்ஜினை மெக்கானிக் பார்க்கட்டும். அவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கணும், புரோக்கர் கூட்டி வருபவர் வேண்டாம். கூலி கொடுத்தாவது கூட்டிப் போங்கள். போனவுடன் நீங்கள் ஒன்று செய்யலாம். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நமக்கு முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஆறிய வண்டி ஒரே சாவியில் கிளம்புகிறதா என்பதைத்தான் நாம் பார்க்கணும். புகை நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பெரிய செலவு காத்திருக்கிறது.

கடன் நம்ம பேரில், வண்டி யார் பேரில்?

வண்டி பிடித்துவிட்டது என்று உடனே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்தையோ ஸ்மார்ட் கார்டையோ அசலாகப் பார்க்கணும். ஜெராக்ஸ் செல்லாது. அதில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் பொறித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எந்த வருஷ வண்டி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, எஃப்.சி. எதுவரை, பைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். போலீஸ் போட்ட அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். உங்கள் வீட்டில் படிக்கும் பிள்ளை இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

பைனான்ஸ் என்று இருந்தால் அங்கேயே நில்லுங்கள். "டியூ எல்லாம் கட்டியாச்சு, பேப்பர் அப்புறம் தர்றேன்" என்பதை நம்பக்கூடாது. கடன் கொடுத்தவர் தரும் தடையில்லாச் சான்றும், கையெழுத்துப் போட்ட 35-ஆம் எண் படிவமும் கையில் வரணும். பழைய ஓனர் தவணை பாக்கி வைத்திருந்தால், பைனான்ஸ்காரர் வந்து உங்கள் வாசலில் நிற்கும் வண்டியைத்தான் எடுத்துப் போவார்.

பெயர் மாற்ற 29, 30-ஆம் எண் படிவங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் என்ன நடக்கிறது? வெற்றுப் படிவத்தில் விற்றவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் பழைய ஓனர் பேரிலேயே ஓட்டுகிறார்கள். இது வாங்குபவருக்கு மட்டும் ஆபத்து இல்லை, விற்பவருக்கும்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த நாளில் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. ஆகவே உங்கள் வீட்டுப் பழைய பைக்கை விற்றிருந்தாலும் பெயர் மாறிவிட்டதா என்று இன்றே பாருங்கள்!

விலையில் ஒரு பகுதியைப் பெயர் மாறும் வரை நிறுத்தி வைத்துக்கொள்வது நல்லது. மீதியை வங்கி வழியாகக் கொடுங்கள். வண்டியை எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கையில் வாங்கினோம் என்று டெலிவரி நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடணும். முந்தின நாள் அவர் செய்த விபத்து நம் தலையில் விழக்கூடாது, பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். மாற்றாவிட்டால் நம் வண்டி சேதத்துக்குப் பணம் கேட்கும்போது தகராறு வரும்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். குழுவில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். வாரா வாரம் பதில் சொல்பவரும் நீங்கள். ஆர்.சி.யில் மட்டும் கணவர் பெயரோ கொழுந்தனார் பெயரோ எதற்கு? பெண் பெயரில் வண்டி இருக்க, ஓட்டும் லைசென்ஸ் தேவையில்லை. லைசென்ஸ் ஓட்டுபவருக்குத்தான் வேண்டும். நாளைக்கு வீட்டில் மனஸ்தாபம் வந்து வண்டியை யாராவது விற்றுவிட்டால், கடன் மட்டும் உங்களிடம் மிஞ்சும். இதைச் சண்டையாகப் பேச வேண்டாம். கடன் கேட்கும் முன்பே, வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் வெள்ளை போர்டு வண்டி உதவாது. மஞ்சள் போர்டும் பர்மிட்டும் வேண்டும். வெளி மாநில வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, மறுபதிவு செய்து முடிக்கும்போது மலிவு போய்விடும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதற்கு மேல் சோதனை முடித்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 14 வயசு வண்டியை யாராவது மலிவாகத் தந்தால் ஏன் தருகிறார் என்று யோசியுங்கள்.

வெளியே பைனான்ஸ் வாங்குபவர்கள் வட்டியைக் கேட்கும் விதமும் முக்கியம். 2 லட்சம் ரூபாய், 36 மாதம், 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நம் குழுவைப் போல் குறையும் அசலுக்கு வட்டி என்றால் மாதம் சுமார் 6,643 ரூபாய். மொத்த வட்டி 39 ஆயிரத்துச் சொச்சம். பிளாட் வட்டி என்றால் மாதம் சுமார் 7,556. மொத்த வட்டி 72,000. இரண்டுமே 12 சதவீதம்தான்! பிளாட் கணக்கில் உண்மையான வட்டி ஏறக்குறைய 21 சதவீதம் ஆகிவிடுகிறது.

வாங்கியாச்சு, உள்ளே எப்படிச் சுத்தம் செய்வது?

வாடகைக்கு ஏறுபவர் முதலில் உணர்வது வாடையைத்தான். பால் கேன், மீன் கூடை, பிள்ளைகள் வாந்தி எல்லாம் நம் வண்டியில் சகஜம்.

முதல் விதி: உள்ளே தண்ணீரை ஊற்றக்கூடாது. வாட்டர் சர்வீசில் சிலர் வண்டிக்குள்ளேயும் பம்ப் அடிப்பார்கள், தடுத்து நிறுத்துங்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் வயர் போகிறது. சீட்டுக்குள் இருப்பது பஞ்சு. ஒரு தடவை ஊறினால் லேசில் காயாது, அந்த நாற்றம் போகவே போகாது.

மிதியடிகளை வெளியே எடுத்துத் தனியாகக் கழுவிக் காயப்போடுங்கள். பிறகு காய்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டுங்கள், அப்புறம்தான் ஈரத்துணி. சீட்டுக்குத் துணி சோப்பை நுரைத்து, அந்த நுரையை மட்டும் தொட்டுத் தேய்த்து, பிழிந்த பழைய பனியன் துணியால் துடைத்து எடுங்கள். நான்கு கதவையும் திறந்து வைத்து, காற்றாடக் காயவிடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற பிளக் இருந்தால் அது ஏர்பேக் வயர், இழுக்கவே கூடாது.

பால் கொட்டினால் உடனே பச்சைத் தண்ணீர்த் துணியால் ஒற்றி எடுங்கள். வெந்நீர் வேண்டாம், பால் திரிந்து பஞ்சில் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு ஆப்ப சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் வாடை நன்றாகக் குறையும். வாந்திக்கும் இதே வைத்தியம்தான்.

முன்பக்க டேஷ்போர்டில் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். ஒரு நாள் மினுங்கும், மறுநாள் தூசி அப்பிக்கொள்ளும். வெயிலில் அதன் பளபளப்பு முன் கண்ணாடியில் அடித்து ஓட்டுபவர் கண்ணைக் கூசும். மண்ணெண்ணெய், தின்னர் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கலக்கினால் விஷ வாயு வரும். காருக்குள் மட்டுமல்ல, எங்கேயும் கலக்காதீர்கள். சீட் பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் முழுக்கக் காய்ந்த பிறகே உள்ளே சுருள விடணும்.

ஏ.சி. போட்டால் வாடை வருகிறதா? வீடு வந்து சேர நான்கைந்து நிமிஷம் இருக்கும்போதே ஏ.சி.யை அணைத்து, காற்றாடியை மட்டும் ஓட விடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்துவிடும். முறுக்குத் துண்டு, கடலைத் தோல் எதுவும் சீட்டுக்கு அடியில் கிடக்கக்கூடாது. அதைத் தேடி எலி வரும். வந்தால் வயரைக் கடிக்கும்.

காய்வதற்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது யாராவது பெரியவர் பக்கத்தில் இருக்கணும். பிள்ளைகள் விளையாட்டாக உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே வரத் தெரியாது. வெயிலில் மூடிய கார் சில நிமிஷத்திலேயே அடுப்பு மாதிரி ஆகிவிடும். அப்படிச் சிக்கி இறந்த குழந்தைகள் உண்டு. வேலை முடிந்ததும் பின் சீட்டையும் டிக்கியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, எல்லாக் கதவையும் பூட்டி, சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாத ஆணியில் மாட்டிவிடுங்கள்.