வீட்டுத் தச்சறையும் சாய்வெட்டு வாளும்

பொழுதுபோக்காகத் தச்சு பயிலப் புகுவார் பலர் முதற்கண் கேட்கும் வினா ஒன்றுண்டு. கடைகளில் ‘மைட்டர் சா’ என்று விற்கப்படும் மின்வாள் இன்றி வீட்டுத் தச்சறை நடைபெறுமோ என்பதே அது. அதன் விலையை எண்ணி, பணம் சேர்ந்தபின் பார்த்துக்கொள்வோம் என்று உளியையும் இழைப்புளியையுங்கூடத் தொடாதிருப்பார் நம் கல்லூரி மாணவருள்ளும் உளர். யானும் ஈராண்டு அவ்வாறிருந்தவன். ஆதலின் இதுபற்றிச் சில கூறத் துணிந்தேன்.

படச்சட்டத்தின் மூலையில் இரண்டு மரங்கள் 45 பாகை சாய்ந்து கூடுகின்றன அல்லவா? அதனை ஈண்டுச் சாய்வெட்டு என்று குறிப்பேன். அதற்கென அமைந்த மின்வாளில், பற்களையுடைய வட்டத் தகடொன்று கீல் பூட்டிய கையின் முனையிற் சுழலும். கையைத் தாழ்த்தினால் அடியிற் கிடத்திய மரம் குறுக்கே அறுபடும். அக்கையை இடமும் வலமும் திருப்பி வேண்டிய கோணத்தில் நிறுத்தலாம். 10 அங்குலத் தகடு நிமிடத்துக்கு 5,000 முறை சுழலுமாயின், அதன் பல் நொடிக்கு ஏறத்தாழ 66 மீட்டர் விரைகின்றது. விரல் தப்பினால் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதன் சிறப்பு விரைவே. ஒரே நீளமுள்ள நாற்பது துண்டுகள் வேண்டுமெனின், தடைக்கட்டை ஒன்றை நிறுத்திக்கொண்டு சில நிமிடங்களில் அறுத்து முடிக்கலாம். அமெரிக்க நாட்டு வீடுகளிற் சுவரடியிலும் கூரையோரத்திலும் கதவைச் சுற்றியும் மரச்சட்டம் பதிக்கும் வழக்கம் மிகுதி. அவ்வேலை செய்வார்க்கு இவ்வாள் வலக்கை போன்றது. சாந்து பூசிய சுவரும் சிமிட்டித் தளமும் உடைய நம் இல்லங்களில் அத்தகைய வேலை எத்துணை உண்டு?

அது செய்யமாட்டாத பணிகளும் உள. மரத்தை நீளவாட்டிற் பிளக்க அதனால் இயலாது. 10 அங்குலத் தகடுடைய சாதாரண வாள், நேர்வெட்டில் ஏறத்தாழ 6 அங்குல அகலமும், 45 பாகையில் ஏறத்தாழ 4 அங்குல அகலமுமே கடக்கும். புத்தக அடுக்குக்கு 9 அங்குலப் பலகையை அறுக்க வேண்டின் மீண்டும் கைவாளையே நாட வேண்டும். முன்னும் பின்னும் நகரும் வகையொன்று உண்டு. அது மிகுந்த அகலத்தை அறுக்கும், விலையும் அதற்கேற்ப மிகும்.

நிற்க. சென்ற ஆண்டு, காலஞ்சென்ற என் பாட்டியாரின் படத்துக்குச் சட்டம் செய்ய விரும்பி, 2 அங்குல அகலத் தேக்குச் சட்டங்களை அயலூர்ப் பட்டறையொன்றிற்குக் கொண்டுசென்று, இவ்வாளாலேயே எட்டு முனைகளையும் அறுத்து வந்தேன். மூன்று மூலைகள் பொருந்தின. நான்காவது, இரண்டு நாணயங்களை ஒருங்கே நுழைக்கலாம்படி வாய் பிளந்து நின்றது! காரணம் பின்னரே விளங்கிற்று. ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை பிழைத்தால், எட்டு வெட்டிலும் கூடி 4 பாகையாகும். அவ்வகலத்தில் அஃது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இடைவெளி. அளவுகோலில் முள் 45-இல் நின்றதென்னவோ உண்மை. மட்டம் வைத்துப் பாராத குற்றம் என்னுடையதே. அப்பிழையை இயந்திரம் எட்டு முறையும் மாறாது செய்து தந்தது.

எங்கள் தெருத் தச்சர் அதனைக் கண்டு நகைத்து, “அறுத்தது போதும் தம்பி, இனி இழைத்துப் பார்” என்றார். அவர் காட்டிய கருவி மிக எளியது. ஒரு பலகைமேல் அதனினும் அகலங் குறைந்த பலகையொன்றைப் பதித்து, அதன்மேல் 45 பாகையில் ஒரு தடைக்கட்டையை இறுக்க வேண்டும். மரத்தைக் கட்டையோடு அணைத்துப் பிடித்து, இழைப்புளியைப் பக்கவாட்டிற் படுக்கவைத்து ஓட்டினால், முனையில் நூலிழையளவே சீவிவரும். கோணம் சிறிது தவறின், கட்டைக்கும் மரத்துக்கும் இடையே ஒரு காகிதத் துண்டைச் செருகித் திருத்தலாம். எதிரெதிர்ச் சட்டங்கள் நீளத்தில் ஒத்திருத்தலும் வேண்டும்; இன்றேல் கோணம் செம்மையாயினும் மூலை கூடாது. முதலில் அறுப்பதற்கும் மின்வாள் வேண்டுவதில்லை. மூன்று பலகைகளை வாய்க்கால்போல் அடித்து, இருபக்கமும் சாய்ந்த பிளவு விட்டால், கைவாள் அப்பிளவின் வழியே தடம் மாறாது செல்லும்.

எவ்வாளாலும் தீராத தொல்லை ஒன்றும் உண்டு. மரம் ஈரத்தை ஏற்றும் விட்டும் அகலத்தில் விரியும், சுருங்கும். நீளத்திலோ மாறுதல் மிகச் சிறிது. அதனால் 45 பாகையாக வெட்டிய முனை நாளடைவில் 45 ஆக நில்லாது. காய்ந்தால் மூலையின் உட்புறம் திறக்கும். ஈரமேறினால் வெளிப்புறம் திறக்கும். அன்றியும், முனைமரத்திற் பசை வலுவாகப் பற்றாது. ஆகவே மூலையின் குறுக்கே ஒரு வரிப்பிளவு அறுத்து மெல்லிய மரத்துண்டைப் பசையிட்டுச் செருகுதல் நன்று.

சட்டங்களைச் செய்து விற்பவரும், வீடு முழுதும் மரவேலை மேற்கொண்டவரும் மின்வாளை வாங்கட்டும். எம்போல்வார்க்கு அவ்விலையிற் பாதியும் வேண்டாம். நல்ல மூலைமட்டம், கூரிய கைவாள், இழைப்புளி, இரண்டு உளி, சில இறுக்கிகள் இவற்றோடு தொடங்கலாம்.

பாட்டியாரின் படம் இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகின்றது. இவ்வாண்டுச் சித்திரை வெயிலில் அந்த நான்காம் மூலையின் உட்புறம் மயிரிழையளவு வெளி தோன்றிற்று; ஐப்பசி மழைக்குப்பின் தேடியும் அதனைக் காணேன்.