மெழுகுக்கு மேல் மெழுகு

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலை ஏறி இறங்கிய காரின் மேனியைக் கவனித்தால், வண்டி மெருகைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அதிலேயே இருக்கிறது. இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்க, டிஸ்க்கிலிருந்து தேயும் இரும்புத் துகள்கள் சூடாகத் தெறித்துச் சக்கரத்திலும் கதவின் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. மலைமேல் மரத்தடியில் நிறுத்தியிருந்தால் பிசினும் பறவை எச்சமும் சேரும். செம்மேட்டில் இரவு தங்கினால் விடியும்போது வண்டி முழுக்கப் பனி, அதற்கடியில் முந்தைய நாள் புழுதி. டிக்கியில் கிடக்கும் காய்ந்த துணியை எடுத்து ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டுக் கிளம்புவது நம்மவர் வழக்கம். அந்தத் துடைப்பில் விழுந்த நுண்கீறல்களை மறைக்கத்தான், கீழே வந்ததும் கிளேஸ், வேக்ஸ், இரண்டு கோட்டு, மூன்று கோட்டு என்று விலை பேசப்படுகிறது. கோட்டு கூடக் கூடப் பளபளப்பும் கூடும் என்பது விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து நம்பும் கணக்கு. அந்தக் கணக்கு முதல் கோட்டோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது என்பதே என் கட்சி.

இன்றைய காரின் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் இருக்கின்றன. நான்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். இரண்டு தலைமுடியின் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். நாம் பளபளப்பு என்று சொல்வது இந்த மேலடுக்கு எவ்வளவு சமமாக இருக்கிறது என்பதைத்தான். தளம் சமமாக இருந்தால் விழுந்த ஒளி கலையாமல் ஒரே ஒழுங்கில் திரும்புகிறது, எதிரே நிற்பவரின் முகம் தெரிகிறது. கீறல் இருந்தால் அதன் ஓரங்களில் ஒளி சிதறி, அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. நடுப்பகலில் கறுப்புக் காரின் பானெட்டில், சூரிய பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக ஓடும் கோடுகள் அந்தக் காய்ந்த துணியின் கைவேலை. கிளேஸ் என்பது எண்ணெயும் மாவைப் போல் மென்மையான களிமண்ணும் கலந்த குழைவு. அது கீறலை எடுப்பதில்லை, அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒளியை அது வளைக்கும் அளவும் கிளியர் கோட் வளைக்கும் அளவும் ஏறக்குறைய ஒன்று என்பதால், கீறலின் விளிம்பு ஒளிக்குத் தட்டுப்படாமல் போய்விடுகிறது. வடையை வைத்த செய்தித்தாளில் எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் பின்பக்க எழுத்து தெரிகிறதே, அதே சங்கதிதான். பள்ளம் ஒருமுறை நிரம்பிவிட்டால் இரண்டாவது கோட்டு கிளேஸுக்குப் போக இடமில்லை. துடைத்தெடுக்கும் துணியோடு அது திரும்பி வந்துவிடும்.

கிளேஸ் நான்கைந்து ஷாம்பூ வாஷுக்குத் தாங்காது. அதற்கு ஒரு மூடியாகத்தான் மேலே மெழுகு. இதில் பேர்பெற்றது கார்னோபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படியும் மெழுகு. அது உருக 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். தேனுக்குப் பேர்போன கொல்லிமலையில் தேன்மெழுகுக்குப் பஞ்சமில்லையே, அதைப் பூசினால் ஆகாதா என்று கேட்கலாம். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும். நாமக்கல் வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட் அந்தச் சூட்டைத் தொட்டுவிடக்கூடியது. இளகிய மெழுகில் புழுதி வந்து அப்பும். கார்னோபாவோடு கலந்து விற்பார்கள், தனியாகப் போட உதவாது. எந்த மெழுகானாலும் துடைத்தெடுத்த பிறகு வண்டியில் மிஞ்சுவது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. இரண்டாம் கோட்டில் இருக்கும் கரைப்பான் முதல் கோட்டின் ஒரு பகுதியைக் கரைத்துவிடுவதால், மூன்று கோட்டு போட்டவர் வண்டியில் மூன்று மடங்கு மெழுகு நிற்கப்போவதில்லை. மெழுகின்மேல் மறுபடி கிளேஸ் போடுவது அதைவிட மோசம்: கீறலை மெழுகு மூடியிருக்க, கிளேஸ் எட்டவேண்டிய இடத்தை எட்டாது, மெழுகையும் கலைத்துவிடும்.

"இரண்டாவது கோட்டுக்குப் பிறகு கண்ணெதிரே வித்தியாசம் தெரிகிறதே" என்பார்கள். தெரியத்தான் செய்யும். கையால் பூசும்போது விளிம்புகளிலும் கைப்பிடிக்கு அடியிலும் விட்டுப்போன இடங்கள் இரண்டாம் முறையில் நிரம்பிவிடும். அதற்காகச் சில மணி நேரம் இடைவெளி விட்டு ஒரு கோட்டு போடுவதில் நியாயம் உண்டு, மூன்றாவதற்கு இல்லை. இன்னொரு வாதம் அனுபவஸ்தர்களுடையது: அம்பாசடர் காலத்தில் தேய்க்கத் தேய்க்க மெருகு ஏறியது என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அன்றைய வண்டிகளில் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேலடுக்கு. வெயிலில் வெளிறிச் சுண்ணாம்பாய்ப் போன நிறத்துக்குள் எண்ணெய் ஊறி, சாயத்தின் ஆழத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. 2014-இல் உற்பத்தி நின்ற வண்டியின் வைத்தியத்தை இன்றைய கிளியர் கோட்டுக்குச் செய்தால், ஊற வழியில்லாமல் எண்ணெய் மேலேயே நிற்கும். நாமக்கல் பட்டறைகளில் எனாமல் பெயிண்ட் அடித்து வெளிவரும் லாரி பாடிக்கு வேண்டுமானால் பழைய பக்குவம் இன்னும் பொருந்தும்.

மூன்றாவது கேள்வி கனமானது. கிளேஸ் வெறும் மறைப்புதான் என்றால், மெஷின் பாலிஷ் போட்டுக் கீறலையே எடுத்துவிடலாமே? எடுக்கலாம். ஆனால் பாலிஷ் என்பது கிளியர் கோட்டைத் தேய்த்துத் தளத்தைச் சமமாக்கும் வேலை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும், குறைந்தது திரும்ப வராது. வெயிலைத் தாங்குவதும் அந்த அடுக்குதான். ஆண்டுக்கு இரண்டு முறை மலையேறும் வண்டிக்கு ஒவ்வொரு முறையும் பாலிஷ் போட்டால், சில ஆண்டுகளில் நிறம் வெளியே வந்து நிற்கும். ஆகவே ஒருமுறை பாலிஷ், அதன்பின் விழும் மெல்லிய கோடுகளுக்கு அவ்வப்போது ஒரு கோட்டு கிளேஸ், மேலே ஒரு கோட்டு வேக்ஸ் என்பது சிக்கனமான வழி. செராமிக் கோட்டிங்கோ பாலிமர் சீலன்ட்டோ போடுவதென்றால் கிளேஸே கூடாது. அவை கிளியர் கோட்டை நேராகப் பற்ற வேண்டியவை, இடையில் எண்ணெய் இருந்தால் பிடிக்காது. மற்றபடி, மலையில் செய்யவேண்டிய காரியம் ஒன்றுதான்: பனியோடு புழுதியைத் துடைக்காமல், முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட்டு, பிறகு ஈரமான மைக்ரோஃபைபர் துணியைத் தொடுவது.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தச் சங்கதி இன்னொரு வகையில் பயன்படும். விற்பனைக்கு வரும் வண்டிக்கு முதல் நாள் கிளேஸும் வேக்ஸும் போடுவது சந்தை வழக்கம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துணியில் நனைத்து, உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, பானெட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மெல்லத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் கலைந்த இடத்தில் பழைய கோடுகள் எழுந்து நின்றால், விலையை அங்கிருந்து பேசத் தொடங்கலாம்.