5 மாணவிகளோடு ஒரு பல்கலைக்கழகம்! தெரியுமா?

வெறும் 5 மாணவிகளை வைத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகத்தையே தொடங்க முடியுமா? தொடங்கியிருக்கிறார் ஒருவர்! 1916-ல், புனேயில். அதுதான் இந்தியாவின் முதல் பெண்கள் பல்கலைக்கழகம். இன்று மும்பையில் எஸ்.என்.டி.டி. என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதேதான்!

தொடங்கியவர் அரசரா, கோடீஸ்வரரா? இல்லவே இல்லை. பெர்குசன் கல்லூரியின் கணக்கு வாத்தியார், தோண்டோ கேசவ் கார்வே! முதல் மனைவி இறந்தபின், 1893-ல் கோதுபாய் என்ற கைம்பெண்ணை மணந்தார். ஊர் அவர்களை ஒதுக்கி வைத்தது. அசைந்தாரா மனிதர்? 1896-ல் கைம்பெண்களுக்கென ஓர் இல்லமே தொடங்கிவிட்டார்! அது ஹிங்கணே கிராமத்துக்கு மாறியதும், அங்கிருந்து கல்லூரிக்குப் பல மைல் நடந்தே போய்ப் பாடம் நடத்திவிட்டு, நடந்தே திரும்பினார்.

பல்கலைக்கழக யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானிலிருந்து! 1901-ல் டோக்கியோவில் தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்றை நண்பர் அனுப்பிவைத்தார். 1915 டிசம்பரில் பம்பாயில் தேசிய சமூக மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய கார்வே, இந்தியாவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று மேடையிலேயே முழங்கினார். அடுத்த ஆண்டே வகுப்பு ஆரம்பம்! வேந்தர் யார்? சம்ஸ்கிருத மேதை ஆர்.ஜி. பண்டார்கர். துணைவேந்தர் ஆர்.பி. பராஞ்சபே. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பிடித்த முதல் இந்தியர் இவர்!

எனக்கு இதில் மிகப் பெரிய வியப்பு பாடத்திட்டம்தான். ஆங்கிலம் கட்டாயப் பாடம்; ஆனால் மற்றப் பாடங்களெல்லாம் தாய்மொழியில்! கல்லூரிப் படிப்பு என்றாலே ஆங்கிலம் என்றிருந்த 1916-ல் இதைச் செய்ய எத்தனை துணிச்சல் வேண்டும்! கூடவே வீட்டு நிர்வாகம், சுகாதாரம் போன்ற பாடங்களும் உண்டு. பட்டத்தின் பெயரும் பி.ஏ. அல்ல, ஜி.ஏ.! அரசு அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. முறையான சட்ட அங்கீகாரம் 1951-ல்தான் கிடைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 35 ஆண்டுகள்! அத்தனை காலமும் அப்பாக்கள் தங்கள் பெண்களை நம்பி அனுப்பியிருக்கிறார்கள்.

பணம்? 1920-ல் பம்பாய் ஆலை அதிபர் சர் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார்! அந்தக் காலத்து 15 லட்சம்! அவருடைய தாயார் ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சியின் பெயர்தான் அந்த எஸ்.என்.டி.டி. தலைமையகம் 1936-ல் பம்பாய்க்கு மாறியது. சட்ட அங்கீகாரத்துக்குப் பின் முதல் துணைவேந்தரானவர், விட்டல்தாஸின் மனைவி பிரேம்லீலா. இன்று சர்ச்கேட், ஜூஹு, புனே எனப் பல வளாகங்கள். கலை, வணிகம், மனையியல், செவிலியம், தொழில்நுட்பம் என்று விரிந்த துறைகள்!

கார்வே சும்மா இருந்தாரா? 70 வயதைத் தாண்டி உலகப் பயணம் கிளம்பினார். பெர்லினில் ஐன்ஸ்டீனைச் சந்தித்தார்! 1958-ல், அவருடைய 100-வது வயதில், பாரத ரத்னா. அதே ஆண்டு அவர் படத்தோடு அஞ்சல் தலையும் வந்தது. உயிரோடு இருக்கும்போதே இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்ற முதல் இந்தியர் கார்வேதான்!