உங்களுக்குத் தெரியுமா? லண்டனுக்கு வந்த அமெரிக்கச் சிரிப்பு

பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களை அமெரிக்கர்கள் வாங்கித் தங்கள் ஊருக்கேற்ப எடுப்பது வழக்கம். எதிர்த்திசையிலும் அது நடந்ததுண்டு. அத்தகைய தழுவல்களில் நிலைத்து ஓடியது 'தி அப்பர் ஹேண்ட்'. 1984 முதல் 1992 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஹூஸ் தி பாஸ்?' தொடரின் தழுவல் இது. பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் 1990 தொடங்கி 1996 வரை வந்தது. வேலைக்குப் போகும் பெண்ணின் வீட்டைப் பராமரிக்க ஓர் ஆண் வருகிறான் என்பதே கதை. அமெரிக்காவில் அவன் முன்னாள் பேஸ்பால் வீரன். பேஸ்பாலைப் பற்றி பிரிட்டனில் யாருக்கு அக்கறை? அங்கே அவன் முன்னாள் கால்பந்து வீரன் ஆனான். வீட்டுக்காரியின் துடுக்கான தாயாக, 'கோல்ட்ஃபிங்கர்' படப் புகழ் ஆனர் பிளாக்மன் நடித்தார். மூலத் தொடர் நாயகனையும் நாயகியையும் மணமேடை ஏற்றாமலே முடிந்தது. தழுவல் அவர்களுக்குக் கல்யாணமே செய்துவைத்தது.

'தி கோல்டன் கேர்ள்ஸ்' தொடரைத் தழுவிய 'பிரைட்டன் பெல்ஸ்' (1993) தோற்றது. மயாமியில் ஒரே வீட்டில் வசித்த நான்கு முதிய பெண்கள் பிரைட்டன் கடற்கரை நகருக்குக் குடிபெயர்ந்தனர். நடிகைகள் தேர்ந்தவர்களே. ஆனால் சேனல் 4 மூலத் தொடரை ஏற்கெனவே ஒளிபரப்பியிருந்ததால், நகைச்சுவை முன்பே கேட்டதாக இருந்தது. ஆறு வாரத்தில் தொடர் நிறுத்தப்பட்டது. எஞ்சிய பகுதிகள் மறு ஆண்டுதான் வெளிவந்தன.

1999இல் 'தட் 70ஸ் ஷோ' தொடரை லூட்டன் நகரத்துக் கதையாக்கிய 'டேஸ் லைக் தீஸ்' 13 பகுதிகளைத் தாண்டவில்லை.