ஊரே கிளம்பிவிட்டால் 'பங்கு' எங்கே இருக்கும்? போர் பார்த்த மன்னாரின் கதை

'பங்கு' என்றதும் சென்செக்ஸ் ஏறியதா, இறங்கியதா என்று போனை எடுக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கத்தோலிக்க நண்பர் யாராவது இருந்தால் "நீங்க எந்தப் பங்கு?" என்று கேட்டுப் பாருங்கள். ஷேர் மார்க்கெட் பற்றிப் பேச மாட்டார். ஓர் ஊரின் பெயரையோ, ஒரு புனிதரின் பெயரையோ சொல்வார். ஓர் ஆயரின் கீழ் இருப்பது மறைமாவட்டம். அதைப் பிரித்தால் பங்குகள். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பங்குத்தந்தை. அமைப்பு அவ்வளவுதான்.

ஆனால், பங்கு என்பது உண்மையில் எது? கோயில் கட்டிடமா, எல்லை போட்ட நிலமா, அங்கே குடியிருக்கும் குடும்பங்களா? நம் ஊரில் இந்தக் கேள்வி எழவே எழாது. மூன்றும் ஒரே இடத்தில்தானே இருக்கின்றன! இலங்கையின் மன்னாரில் எழுந்தது. ஒருமுறை அல்ல, ஐந்து நூற்றாண்டுகளில் திரும்பத் திரும்ப எழுந்தது. ஏனென்றால் அங்கே கட்டிடம் ஓரிடத்தில் நிற்கும், மக்கள் வேறிடத்தில் இருப்பார்கள், சிலை மூன்றாவது இடத்தில் இருக்கும்.

1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. பங்கு என்பது விசுவாசிகளின் ஒரு சமூகம். கட்டிடத்தை வைத்து அது பங்கை வரையறுக்கவில்லை. கூடவே ஒரு கடமையையும் சொல்கிறது: ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பங்கில் பதிவேடு இருக்க வேண்டும். யார் பிறந்தார், யாரை மணந்தார், எப்போது இறந்தார்? இந்தப் பதிவேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தொடக்கமே ரத்தத்தில்

தனுஷ்கோடி முனையில் நின்றால், கடலுக்கு அந்தப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார். அங்கிருந்து தொடங்குகிறது மன்னார் தீவு. இலங்கையில் கத்தோலிக்கர் பாதிக்கு மேல் இருக்கும் ஒரே மாவட்டம் மன்னார்தான்.

இந்த வரலாறு நம் முத்துக்குளித்துறைக் கரையிலிருந்து போகிறது. 1540-களில் பிரான்சிஸ் சவேரியார் தூத்துக்குடி, மணப்பாடு பக்கம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். மன்னார் மக்கள் அவருக்கு அழைப்பு அனுப்பினார்கள். அவர் தானே போகாமல் ஒரு குருவை அனுப்பிவைத்தார். மன்னார் அப்போது யாழ்ப்பாண அரசின் கையில் இருந்தது. மதம் மாறியவர்கள் நாளைக்குப் போர்த்துகீசியரின் குடிகளாகிவிடுவார்கள் என்று மன்னர் முதலாம் சங்கிலி கணக்குப் போட்டார். 1544-ல் அவரது படை மன்னாருக்கு வந்தது. கொல்லப்பட்டவர்கள் 600 முதல் 700 பேர் வரை என்கிறது திருச்சபை மரபு. தோட்டவெளியில் அவர்கள் நினைவாகக் கோயில் இருக்கிறது. மன்னாரின் முதல் பங்குக்குப் பதிவேடு இருந்திருந்தால், ஞானஸ்நானப் பக்கத்தை அடுத்து உடனே இறப்புப் பக்கம்தான் நிரம்பியிருக்கும்.

சவேரியார் சும்மா இருக்கவில்லை. சங்கிலியைத் தண்டிக்கப் படை அனுப்பச் சொல்லிப் போர்த்துகீசிய அதிகாரிகளை நெருக்கினார். படை நாகப்பட்டினத்தில் கூட வேண்டும் என்பது ஏற்பாடு. அதே நேரத்தில் பெகுவிலிருந்து வந்த போர்த்துகீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டிப்போனது, சரக்கு முழுக்க மன்னர் கையில். சண்டை போட்டால் சரக்கு திரும்பி வராதே? படையெடுப்பு அப்படியே கைவிடப்பட்டது. மதம், அரசு, வியாபாரம் மூன்றில் எது கனம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

போர்த்துகீசியர் கடைசியில் 1560-ல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். கரையின் இந்தப் பக்கம் புன்னைக்காயலிலிருந்து பரதவக் குடும்பங்களையும் அங்கே கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில்தான் பாடல் பெற்ற தலமான திருக்கேதீச்சரம் அழிந்தது. அதன் கற்கள்தான் கோட்டைக்குப் போயின என்பது இன்றும் அங்கே சொல்லப்படும் செய்தி. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மன்னார்க் கத்தோலிக்க வரலாற்றை வெறும் துன்பக் கதையாக மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அந்தக் காயம் ஆறிவிட்டதா என்றால், 2019 மார்ச்சில் சிவராத்திரி நேரத்தில் திருக்கேதீச்சர வழியில் ஓர் அலங்கார வளைவு பிடுங்கப்பட்டு, சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே பெரிய தகராறானது.

சிலையோடு காட்டுக்குள்

அடுத்து டச்சுக்காரர்கள். 1658-ல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்கு வந்தன. அவர்கள் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள், கத்தோலிக்கத்துக்குத் தடை போட்டார்கள். குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோயில்கள் டச்சுச் சபையின் கைக்குப் போயின. கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணை வந்தது.

முதல் கேள்விக்கு வருவோம். கட்டிடமும் இல்லை, குருவும் இல்லை என்றால் பங்கு இருக்கிறதா, இல்லையா?

மாந்தையில் இருந்த குடும்பங்கள் பதிலைக் காலால் சொன்னார்கள். 1670 வாக்கில் 20 குடும்பங்கள் தங்கள் கோயிலின் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் நடந்தன என்கிறது மரபு. டச்சுக்காரர்களின் கை எளிதில் எட்டாத காடு அது. மருதமடு என்ற இடத்தில் சிலையை வைத்தார்கள். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்களும் அங்கே சேர்ந்தார்கள். இன்றைக்கு எல்லோரும் 'மடு மாதா' என்று சொல்லும் திருத்தலம் பிறந்தது அப்படித்தான். வெற்றியைக் கொண்டாடக் கட்டிய கோயில் அல்ல அது. அகதிகள் போட்ட கொட்டகை.

குரு இல்லாத இடத்தில் வேலை எப்படி நடந்தது? 1687-ல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குரு பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கைக்குள் நுழைந்தார். யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்து பணி செய்தார். பிறகு பௌத்த அரசர் ஆண்ட கண்டிக்குப் போனார். அங்கே முதலில் சிறை, பிறகு அதே அரசரின் ஆதரவு! 1711-ல் கண்டியிலேயே இறந்தார். அவர் ஊர் ஊராகப் பொறுப்பாளர்களை விட்டுப் போனார். மூப்பர் நிர்வாகத்தைப் பார்ப்பார். அண்ணாவி செபம் சொல்லிக்கொடுப்பார், ஆபத்து நேரத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானமும் கொடுப்பார். (கூத்துப் பழக்குபவரையும் ஈழத்தில் அண்ணாவி என்றுதான் சொல்வார்கள். மன்னாரின் வாசாப்பு நாடகங்களைக் கேள்விப்பட்டிருந்தால் இந்தப் பொருத்தம் புரியும்.) குரு வருடத்துக்கு ஒருமுறை வந்தாலும் வராவிட்டாலும் ஆட்களின் கணக்கு ஊரிலேயே இருந்தது. டச்சு ஆட்சி ஒன்றேகால் நூற்றாண்டைத் தாண்டி நீடித்தும் கத்தோலிக்கம் அழியாததற்கு, என் பார்வையில், கட்டிடத்தை நம்பாத இந்த ஏற்பாடுதான் பெரிய காரணம்.

பிரிட்டிஷ் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1806-ல் கத்தோலிக்கர் மீதான தடைகள் நீங்கின. 1847 முதல் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் வந்தார்கள். 1872-ல் ஆயர் பொன்ஜீன் மடுவில் புதிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். ஆகஸ்ட் திருவிழாவுக்குச் சிலாபம், நீர்கொழும்பு பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர்களும் வண்டி கட்டி வந்தார்கள். இந்துக்களும் பௌத்தர்களும்கூட வந்தார்கள்.

இரண்டு வயதில் போர்

யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து மன்னார் தனி மறைமாவட்டமானது 1981-ல். இரண்டரை வருடத்தில் உள்நாட்டுப் போர். 1985 ஜனவரியில் வங்காலையின் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் கோயில் வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ராணுவத்தின் மீது குற்றச்சாட்டு எழுந்தது, ராணுவம் மறுத்தது.

1990 ஜூனில் மீண்டும் போர் வெடித்தபோது மன்னார் மக்கள் இரண்டு திசையில் ஓடினார்கள். ஒன்று கடல்: படகேறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். இன்னொன்று காடு: மடு. 320 வருடத்துக்கு முன் போன அதே வழி! ஐ.நா. அகதிகள் அமைப்பு மடுவிலும் தீவில் இருக்கும் பேசாலையிலும் திறந்த நிவாரண மையங்கள் அமைத்தது. மடுவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கோயிலைச் சுற்றி ஓலைக் குடிசைகளில் வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். ஒரே வளாகத்தில் பல பங்குகள். அதே ஆண்டு அக்டோபரில் மன்னாரின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ஒரே வாரத்தில் இல்லை. மாதா கோயிலுக்கு ஓட வழி இருந்தவர்களின் கதையைச் சொல்லும்போது, அந்த வழியும் இல்லாமல் போனவர்களை விட்டுவிட முடியாது.

மடுவும் பாதுகாப்பான இடமாக நீடிக்கவில்லை. 1999 நவம்பர் 20-ம் தேதி இரவு வளாகத்தில் ஷெல் விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். ராணுவம் புலிகளைக் கைகாட்டியது, புலிகள் ராணுவத்தைக் கைகாட்டினார்கள். 2006 ஜூன் 17-ல் பேசாலை: கடலில் மோதல் நடந்ததும் மக்கள் வழக்கம்போல வெற்றி மாதா கோயிலுக்குள் போனார்கள். அங்கேயும் குண்டு வீசப்பட்டது. உள்ளே ஒரு வயதான பெண் இறந்தார், பலர் காயமடைந்தார்கள்.

2008 ஏப்ரலில், போர்முனை மடுவை நெருங்கியதும், குருக்கள் ஒரு முடிவெடுத்தார்கள். மாதா சிலையை வண்டியில் ஏற்றி வடக்கே தேவன்பிட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். 1670-க்குப் பிறகு மீண்டும் சிலையோடு ஓட்டம். ஆகஸ்டில் சிலை மடுவுக்குத் திரும்பிவிட்டது. ஆனால், மன்னார்ப் பெருநிலத்தின் மக்கள் எதிர்த் திசையில் கிழக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று தள்ளப்பட்டுக்கொண்டே போனார்கள். அவர்களுடன் சில குருக்களும் கன்னியரும் போனார்கள். கடைசி இடம் முள்ளிவாய்க்கால்.

ஆயர் போட்ட கழித்தல்

பதிவேட்டை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா?

2011 ஜனவரியில், அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தது. அப்போதைய ஆயர் ராயப்பு யோசேப்பு அதன் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். இது கச்சேரிப் புள்ளிவிவரம். (கச்சேரி என்றால் அங்கே மாவட்டச் செயலகம், பாட்டு இல்லை.) 2009 ஜூலை 10 வரை அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். கழித்தால் 1,46,679.

இவர்கள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன ஆனது என்றுதான் கேட்டார். அந்தப் போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அதே ஆண்டு ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. இலங்கை அரசு அதை ஏற்கவில்லை. எந்த எண் சரி என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆயரின் கேள்வியின் வடிவத்தைப் பாருங்கள். இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் வந்தார்கள், மீதி எங்கே? பதிவேடு வைத்திருக்கும் எந்தப் பங்குத்தந்தையும் கேட்கக்கூடிய கேள்வி அது. கச்சேரியின் எண்ணையே எடுத்துக் கேட்டதால்தான் அது அவ்வளவு சங்கடம் தந்தது. விசாரணை அதிகாரிகள் அவரைத் தேடி வந்தார்கள், அவரைக் கைது செய்யச் சொல்லியும் குரல்கள் எழுந்தன. 2021 ஏப்ரல் 1-ல் அவர் இறக்கும்வரை பதில் வரவில்லை.

ஒரு இறப்புப் பக்கத்தில் பெயர் எழுத உடல் வேண்டும், அல்லது நிச்சயமாவது வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவிக்கு இரண்டும் இல்லை. அவருக்காகச் சாவுப் பூசை ஒப்புக்கொடுப்பதா, நலனுக்காக ஒப்புக்கொடுப்பதா? இந்தக் கேள்விக்குச் சட்டத் தொகுப்பில் விடை இல்லை.

2018-ல் மன்னார் நகரின் நடுவே, சதொச கட்டிடத்துக்காக மண் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வந்தன. எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது. காணாமல் போனவர்களின் குடும்பங்கள் குழியின் ஓரத்தில் நின்றன. மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின. இவை பல நூற்றாண்டுகள் பழையவை, ஐரோப்பியர் வந்த காலத்தை ஒட்டியவை என்று அறிக்கை வந்தது. குடும்பங்கள் அதை நம்பத் தயாராக இல்லை. எந்தப் போரின் எலும்பு என்று கேட்டால் உடனே சொல்ல முடியாத ஊர் மன்னார்.

கோயில் இருக்கு, ஊர் இல்ல

நகரிலிருந்து தெற்கே, கடற்கரையில் முள்ளிக்குளம். 2007 செப்டம்பரில் ராணுவ நடவடிக்கைக்காக மக்களை வெளியேறச் சொன்னார்கள். இரண்டு, மூன்று நாளில் திரும்பலாம் என்ற நம்பிக்கையில் கிளம்பினார்கள். போர் முடிந்ததும் திரும்பிப் பார்த்தால், ஊரில் கடற்படையின் வடமேற்குத் தலைமையகம் இருந்தது. மக்கள் பக்கத்துக் காட்டோரம் மலங்காட்டில் கொட்டகை போட்டுத் தங்கினார்கள்.

கோயில் முகாமுக்குள்ளேயே நின்றது. பூசைக்கு மட்டும் மக்களை உள்ளே விட்டார்கள், கடற்படை பஸ்ஸில் ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். தங்கள் வீட்டுக் கூரையை ஜன்னல் வழியே பார்த்தபடி கோயிலுக்குப் போய், கும்பிட்டுவிட்டு, கொட்டகைக்குத் திரும்புவது. 'வழிபாட்டு உரிமை வழங்கப்பட்டிருக்கிறது' என்று அரசுத் தரப்பில் எழுதிவிடலாம், பொய்யும் இல்லை. ஆனால், பங்கு என்றால் குடும்பங்கள் என்ற பழைய விளக்கத்தை வைத்துப் பார்த்தால், அங்கே கட்டிடம் மட்டும்தான் திறந்திருந்தது.

2017 மார்ச்சில் ஊர் மக்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. கோயிலையும் சுற்றியுள்ள நிலத்தையும் நம்பிக் குடும்பங்கள் உள்ளே போயின. வீடுகள் இருந்த பகுதி அந்த 100 ஏக்கரில் இல்லை. அங்கே கடற்படையினர் குடியிருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் கோயிலை ஒட்டிக் கூடாரம் போட்டார்கள்.