சென்சார் மாற்றியும் மக்கர் செய்யும் பழைய வேன்! குற்றவாளி யார்?

ராஜபாளையம்:

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா ஏற்றிக்கொண்டு ஒரு பழைய வேன் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்தை நெருங்கும்போது எஞ்சின் 'டப்' என்று நிற்கிறது. செல்ப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்புகிறது!

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சந்தேகம் முதலில் கிராங்க் சென்சார் மீதுதான் விழ வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் சூட்டில் விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். வண்டியை பட்டறைக்குக் கொண்டுபோகும்போது எஞ்சின் ஆறியிருக்கும், ஆள் அகப்படமாட்டான்! நின்ற இடத்திலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடுவான். இரண்டு ஒயர் சென்சாருக்குத்தான் இந்தச் சோதனை.

நாடு முழுவதும் பி.எஸ்.4 கட்டாயம் ஆனது 2017 ஏப்ரல் 1-ந் தேதி. அந்த வண்டிகளும் இப்போது பழசாகிவிட்டன. பானெட்டைத் திறந்தால் சென்சார்கள்தான்.

கரும்புகை

இன்னொரு ரகம்: வண்டி கரும்புகை கக்கும், எண்ணெய் குடிக்கும். ஸ்கேனரில் பி0118 என்று வரும். "தண்ணி சூடு பார்க்கிற சென்சார் போச்சு, மாத்திடலாம்ணே" என்பார் மெக்கானிக். மாற்றுவார்கள். இரண்டே நாளில் மறுபடியும் புகை! பணம் போனது போனதுதான்.

ஸ்கேனர் தெருப் பெயரைச் சொல்லும், வீட்டு நம்பரைச் சொல்லாது. ஒயர் அறுந்தாலும் அதே நம்பர்தான் வரும். எஞ்சின் கொதிக்கும்போதே 'ஐஸ்கட்டி' என்று கம்ப்யூட்டர் பெட்டி நினைத்துக்கொண்டு எண்ணெயை அள்ளி ஊற்றும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பிளக்கைக் கழற்றி, சாவியை ஆனில் வைத்து, ஒயர் பக்கம் இரண்டு பின்னிலும் மீட்டரை வைக்கவேண்டும். 5 வோல்ட் வந்தால் ஒயரும் பெட்டியும் சரி. அடுத்து சென்சார். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் காட்டும். சூடேறியும் இறங்கவில்லை என்றால் அப்போது மாற்றலாம், அதுவரை பர்சை மூடியே வைக்கலாம்.

எலியும் எர்த்தும்

வோல்ட் வரவில்லையா? ஒயரைத் தடவிப் பாருங்கள். எலி கடித்திருக்கலாம். வாசலில் ராஜபாளையம் நாயே காவல் இருந்தாலும் எலி பானெட்டுக்குள் புகுந்துவிடும்! மழைக்காலத்தில் பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கும். கடலில் ஓடும் பழைய மோட்டார் படகுகளுக்கு உப்புக்காற்றால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

பேட்டரி மைனசிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் ஒயரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செல்ப் அடிக்கும்போது அதன் இரு முனைக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அது கெட்டால் நல்ல சென்சார்கள்கூட பொய் சொல்லும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சென்சாரை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் கழற்றிய பழசைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டரில் அது நல்லதாகக் காட்டினால், பட்டறைக்காரரிடம் பேச வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.