நுரையைத் தின்னும் கல்ச்சர்

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது என்று டிவியில் காட்டினாலே பெரியப்பாவிடமிருந்து போன் வந்துவிடும். "கெமிஸ்ட்ரி படிச்சவன்தானே, அது என்ன விஷம்டா?" அத்திபெலேயில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆலைக் கழிவும் தென்பெண்ணை ஆற்றில் கலக்கிறதுதான். ஆனால் நுரைக்கு முக்கியக் காரணம் நம் வீட்டுச் சலவைத்தூள் என்றால் அவர் நம்புவதில்லை.

சலவைத்தூளின் பூர்வீகம் மண்ணெண்ணெய். அதிலிருந்து நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களைப் பிரித்தெடுத்து, பென்சீனுடன் சேர்த்து லீனியர் ஆல்கைல் பென்சீன் தயாரிக்கிறார்கள். சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலை செய்வது அதைத்தான். இந்த நேர்ச்சங்கிலிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1950-களின் சலவைத்தூளில் கிளைவிட்ட சங்கிலிகள் இருந்தன. பாக்டீரியா சங்கிலியின் நுனியில் தொடங்கி, இரண்டிரண்டு கார்பனாக அறுத்துத் தின்னும். கிளை குறுக்கிட்டால் திணறிவிடும். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்தன. மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டமே போட்டது. அமெரிக்க நிறுவனங்கள் 1965-இல் நேர்ச்சங்கிலிக்கு மாறின.

அப்படியானால் தென்பெண்ணை ஏன் இன்னும் நுரைக்கிறது? நேர்ச்சங்கிலியாக இருந்தாலும், நுனியில் முதல் வெட்டுப் போட பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். பெங்களூருவின் சாக்கடை அரைகுறையாகச் சுத்தமாகி பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேர்கிறது. காற்றில்லாத அடிச்சேற்றில் ஒட்டிக்கொண்ட சலவைப்பொருள் அழியாமல் கிடக்கிறது. மழை வந்து சேற்றைக் கலக்கி, நீர் கலங்கலைத் தாண்டி விழும்போது மொத்தமும் நுரையாகக் கிளம்புகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் பெள்ளந்தூர் நுரையை ஆராய்ந்து சொன்னதும் ஏறக்குறைய இதுவே. அந்த நீர்தான் தென்பெண்ணை வழியே ஓசூருக்கு இறங்குகிறது.

காற்று கிடைத்தால் பாக்டீரியா சலவைப்பொருளைத் தின்பதை எங்கள் ஏரேஷன் டேங்கிலேயே பார்க்கலாம். புதிய நிலையத்தை ஓடவிட்டதும் வெள்ளை நுரை தொட்டியை மூடும். வேறொரு நிலையத்திலிருந்து டேங்கரில் சேறு வாங்கி ஊற்றுவோம். அதற்குக் 'கல்ச்சர் போடுறது' என்று பெயர். பாக்டீரியா பெருகப் பெருக, சில வாரங்களில் நுரை அடங்கிவிடும். படிந்த சேற்றைக் கொட்டாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இந்த முறையை 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் உலகுக்குச் சொன்னார்கள். எனக்கு இது தடுப்பூசிக்குச் சமமான கண்டுபிடிப்பு.

தினமும் காலையில் ஒரு லிட்டர் ஜாடியில் தொட்டி நீரைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைப்பேன். பழுப்புச் சேறு அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்து, மண் வாசனை வந்தால் கல்ச்சர் நலம். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்தச் சொல்வார்கள். காலையில் சேறு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அப்படி மிச்சம் பிடித்த பணம் மறுபடி கல்ச்சர் டேங்கருக்கே போகும். இங்கே குடியிருப்போர் சங்கத்திடம் கணக்கைக் காட்டிப் பேசி, இரண்டாவது ப்ளோயரும் அதற்கு ஜெனரேட்டர் இணைப்பும் வாங்கிவிட்டேன்.